ஆராய்ச்சிக்கு உடன்படுந் தாய்மார்

மருத்துவத்தின் உறுப்புக்களைக் கூறப்புகுந்த திருவள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன் என நான்கினை வகுத்தனர். ஐந்தாவது ஒன்றனையும் இக்காலத்துக் கூட்டுதல் தகுமென்பது எனது துணிபு. மருந்து மெய்யாகவே பயன்தருமோ என்று பிறர் அறிதற்பொருட்டுத் தம்மை ஒப்புக்கொடுப்போரே அவ்வைந்தாமவர். அவரைச் சோதனை எலிகளென்று நகையாடுவோர் நம் விடுதியிலும் உளர். அந்நகை தகாதென்பதற்குக் குறைப்பிரசவ மருந்தொன்றன் வரலாறே சான்று.

37 வாரம் நிறையுமுன் பிறக்குங் குழவியைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். (ஈண்டுக் 'குறை' காலத்தின் குறையேயன்றித் தாயின் குறையன்று, நம் வீட்டுப் பெரியோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.) முன்னொருமுறை அவ்வாறு ஈன்றோர்க்கு மீண்டும் அத்துன்பம் நேராவண்ணம், புரோஜெஸ்டிரோன் இனத்து மருந்தொன்றை வாரந்தோறும் ஊசிவழிச் செலுத்தும் முறை அமெரிக்காவில் ஆராயப்பட்டது. உடன்பட்ட பெண்டிர் 463 பேர். மூவரில் இருவர்க்கு மருந்து. ஒருவர்க்கு மருந்து கலவாத ஆமணக்கெண்ணெய். யார்க்கு யாது கிடைத்ததென்பதைத் தாயும் அறியார், மருத்துவரும் அறியார். 2003-இல் வெளிவந்த முடிவின்படி, குறைமாதத்தில் ஈன்றோர் எண்ணெய் பெற்றோருள் நூற்றுக்கு 54.9, மருந்து பெற்றோருள் 36.3. மற்றோர் ஆராய்ச்சியால் இது உறுதிப்படல் வேண்டுமென்னும் நிபந்தனையோடு 2011-இல் அந்நாட்டரசு இசைவளித்தது.

உறுதிப்படுத்த எழுந்த ஆராய்ச்சியோ வேறு விடை தந்தது. 2009 முதல் 2018 வரை, ஒன்பது நாடுகளில், 1,708 பெண்டிர் உடன்பட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் ருஷியாவையும் உக்ரைனையும் சார்ந்தோர். 35 வாரத்திற்குமுன் ஈன்றோர் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 11.0, எண்ணெய் பெற்றோருள் 11.5. வேற்றுமை இல்லையென்றே கொள்க. 2023 ஏப்ரலில் இசைவு மீட்டுக்கொள்ளப்பட்டது.

எண்ணெய் பெற்றவர் வஞ்சிக்கப்பட்டனர் என்பாரை வினவுகிறேன்: அவரின்றி இவ்வுண்மை எங்ஙனம் புலப்பட்டிருக்கும்? வாரந்தோறும் ஊசியின் நோவைப் பொறுத்த அப்பெண்டிரன்றோ, பயனற்றதொன்றற்குப் பொருள் செலவிடும் இழப்பினின்று பிற தாய்மாரைக் காத்தவர்?

ஆயினும் உடன்பாடென்பது அறிந்து உடன்படுதலே. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகாகோ நகரத்து மருத்துவமனையொன்றில், டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மாத்திரை கருவுற்ற பெண்டிர் பலர்க்குத் தரப்பட்டது. தாம் ஆராயப்படுகின்றோம் என்பதை அவர் அறியார். கருச்சிதைவையோ குறைப்பிரசவத்தையோ அது தடுக்கவில்லையென்று 1953-இலேயே தெரிந்தது. தெரிந்தும் மருத்துவர் பலர் அதனைக் கொடுத்தே வந்தனர். கருவில் அதனை ஏற்ற பெண்மக்களிற் சிலர்க்குப் புற்றுநோய் கண்டமை 1971-இல் வெளிப்பட்டது. முன்னவரையும் இவரையும் ஒருதட்டில் வைத்தல் முறையன்று. முன்னவர் ஈந்தவர், இவரிடமிருந்தோ எடுத்துக்கொள்ளப்பட்டது.

என் தமக்கையாரை ஒரு மருத்துவர் இத்தகைய ஆராய்ச்சிக்கு அழைப்பரேல், 'வேண்டா' என்று யான் தடுக்கமாட்டேன். உடன்படிக்கைத் தாள் தமிழில் உளதோ, இடையில் விலகினும் சிகிச்சை தொடருமோ, தீங்கு நேரின் பொறுப்பார் யார் என்பவற்றை மட்டும் வினவச் சொல்வேன். விடை தெளிவாயிருப்பின், கையொப்பமிட எழுதுகோலை யானே எடுத்துத் தருவேன்.