நான்கு நாட் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் வழிப்போதல் என்பதே பொருள். தலைவன் பொருள் தேடிப் புறப்படுதலையும், புறப்பட எண்ணித் தயங்கி நிற்றலையும் சங்கப் புலவர் இச்சொல்லாலேயே குறித்தனர். இன்றோ, செலவு என்றவுடன் கைப்பொருள் கரைதலே நம் நினைவிற்கு வருகின்றது. அயல்நாடு காணப் புறப்படுவோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நன்று. கைப்பொருளைச் செலவிட்டும் வழிச்செலவின் பயனை எய்தாது மீள்வோர் பலராதலின் இதனைக் கூறுகின்றேன்.

யான் வாழும் கொருக்குப்பேட்டை உழைப்பாளர் நிறைந்த ஊர். இருப்புப்பாதையும் சரக்கு வண்டிகளும் ஊரை ஊடறுத்துச் செல்கின்றன. பக்கிங்காம் கால்வாய் அருகே ஓடுகின்றது. துறைமுகமும் தொலைவில் இல்லை. அத்துறைமுகத்தினின்று முன்னாளில் இரஜுலா என்னும் கப்பல் நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குச் சென்று வந்தது. அதில் ஏறியோருட் பெரும்பாலோர் பிழைப்பு நாடிச் சென்றவரே. ஊர் காணச் சென்றவர் மிகச் சிலர். இந்நாளில் நிலைமை மாறிவிட்டது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் இளைஞர் சிலர், திங்கள்தோறும் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, தாய்லாந்து நாட்டின் தலைநகராகிய பாங்காக்கிற்குச் சென்று வருகின்றனர். சென்னையினின்று புறப்படும் வானூர்தி ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் அங்குச் சேர்கின்றது. அந்நேரத்திற்குள் எழும்பூரில் வண்டி ஏறியவர் திருச்சிராப்பள்ளியையும் அடைந்திரார்.

என்பாற் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் தம் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டினார். நான்கு நாள், இருபத்திரண்டு இடங்கள், அவற்றுள் ஒன்பது கடைத்தெருக்கள்! நாள் நான்கெனினும், சென்று இறங்கும் நாளும் திரும்பும் நாளும் பெரும்பாலும் வானூர்தி நிலையத்திற்கே உரியன. எஞ்சுவன இரண்டே. அவ்விரண்டு நாளில் இருபத்திரண்டு இடங்களைக் காண்டல் எவ்வாறு இயலும்? முற்பகலில் ஓரிடம், பிற்பகலில் ஓரிடம் என்பதே என் கருத்து. அதற்கு மேற்படின் அது காண்டலாகாது, கடத்தலேயாகும்.

“வாழ்நாளில் ஒருமுறையே செல்லக்கூடிய எளியோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாவா?” என்று அவர் வினவினார். இவ்வினாவைப் புறக்கணித்தல் முறையன்று. மிகைநேரம் உழைத்துச் சேர்த்த பணம் அது. செல்வர் ஓரிடத்தைச் சரிவரக் காணாவிடின் மறுமுறை செல்வர். இவருக்கு மறுமுறை இல்லை. ஆதலினாலேயே இடங்களைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்கிறேன். ஒருமுறையே காணக்கூடியதை ஓடிக்கொண்டே காண்பவன் ஒருமுறையும் கண்டவனாகான்.

புறப்படுமுன் அந்நகரத்தின் வரலாற்றைச் சிறிதேனும் அறிதல் வேண்டும். முற்காலத்தில் அந்நாட்டிற்குத் தலைநகராயிருந்தது அயுத்தயா. அயோத்தி என்னும் பெயரே அங்ஙனம் திரிந்தது. 1767இல் பர்மியர் படையெடுப்பால் அந்நகரம் அழிந்தது. பின்னர் முதலாம் இராமா என்னும் மன்னர் 1782இல் சாவ் பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் இன்றைய தலைநகரை நிறுவினார். பாங்காக் என்பது அயலார் வழங்கும் பெயர். அந்நாட்டார் தம் நகரைக் குருங் தேப் என்பர். தேவர் நகரம் என்பது அதன் பொருள்.

முதற்கண் காணத்தக்கது அரண்மனையும் அதனைச் சார்ந்த மரகதப் புத்தர் கோயிலும். அக்கோயிலின் சுற்றுமண்டபச் சுவர்களில் இராமகாதை 178 ஓவியப் பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. கம்பராமாயணம் பயின்ற மாணவர்க்கு இங்கே வியப்புகள் காத்திருக்கின்றன. இராவணன் அங்குத் தொசகன் எனப்படுகின்றான். தசகண்டன் என்பதன் திரிபு அது. நம்மவர் போற்றும் பிரமசாரியாகிய அனுமனோ, அங்குப் பொன்மீன் உருவினளாகிய இராவணன் மகளொருத்தியைக் காதலிக்கின்றான்! இதனைப் பிழையென்று இகழற்க. வால்மீகியின் கதையைத் தமிழ் மரபிற்கேற்பக் கம்பர் மாற்றியமைத்தார். தாய்லாந்தினரும் தம் மரபிற்கேற்ப அமைத்துக்கொண்டனர். அருகிலுள்ள வாட் போ என்னும் கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்ட புத்தர் படிமம் உள்ளது. அதன் உள்ளங்கால்களில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலக் குறிகளை நின்று நோக்குக.

இனி, தமிழ் மாணவர் தவறவிடலாகாத ஓரிடம் உண்டு. சுற்றுலா வண்டிகள் அதனருகே ஐந்து நிமிடமே நிற்கும். சில நில்லாமலே செல்லும். செந்நிறம் பூசிய நெடிய தேக்குமரத் தூண்கள் வானளாவ நிற்க, மேலே அழகிய குறுக்குவிட்டம் அவற்றை இணைக்கின்றது. 1784இல் முதன்முதல் நாட்டப்பெற்ற பெரிய ஊசல் அது. அதனருகே அரசவைப் பிராமணர்க்குரிய கோயில் ஒன்றுள்ளது. ஆண்டுதோறும் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் உரியனவாக அவர்கள் நடத்தும் விழாக்களின் பெயர்கள் யாவை தெரியுமா? திரியம்பாவாய், திரிபாவாய் என்பனவாம்! திருவெம்பாவையும் திருப்பாவையுமே கடல் கடந்து அவ்வாறு உருமாறின. அவ்விழாவில் ஊசலாடும் வழக்கம் 1935இல் நின்றது. கோயிலினுள் வழிபாடு தொடர்கின்றது. கிரந்த எழுத்தில் அமைந்த ஏடுகளின் வழியே அப்பாடல்கள் அவர்களிடம் வாழ்ந்து வந்துள்ளன. ஓதுவோர் பொருளறியார், ஒலியும் வெகுவாகத் திரிந்துவிட்டது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக விடாது ஓதினர். (திருவெம்பாவையில் ஊசல் இல்லை; மாணிக்கவாசகர் திருப்பொன்னூசலைத் தனியே பாடினார். அங்கு ஊசல் எவ்வாறு இதனோடு சேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.) தனிநாயக அடிகள் போன்ற அறிஞர் இச்செய்தியைத் தமிழுலகிற்கு எடுத்துக்காட்டினர். மார்கழி விடியலில் இப்பாடல்களைப் பாடி வளர்ந்த ஒருவன் அவ்வூசலின் கீழ் அரைமணி நேரமேனும் நிற்கவேண்டாவா?

இதனால், தமிழர் சுவடுகளையே தேடியலைக என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. அந்நாட்டின் தென்பகுதியில் தகுவாபா என்னுமிடத்தில் பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது; மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் ஒரு குளத்தையும் அது குறிக்கின்றது. அதனைக் காணும் ஆவல் எனக்கும் உண்டு. ஆயினும் தலைநகரினின்று நெடுந்தொலைவிலுள்ள அதனை நான்கு நாட் செலவிற் சேர்த்தல் தகாது. தலைநகரிலேயே சீலோம் சாலையில் தமிழர் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் உள்ளது. தாய்லாந்து மக்களும் அங்குத் திரளாக வழிபடுகின்றனர். அக்கோயிலை அவர்கள் ‘வாட் கேக்’ என்பர். ‘கேக்’ என்பதற்கு இந்தியர் என்றும் விருந்தினர் என்றும் பொருள். விருந்தினராய்ச் சென்ற நாம் விருந்தளிப்போரைக் காணாது, நம் கோயிலையும் நம் இட்டிலிக் கடையையும் தேடித் திரிதல் அழகன்று.

விருந்தினர்க்குரிய ஒழுக்கமும் வேண்டும். கோயில்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்துக. குழந்தையாயினும் பிறர் தலையைத் தொடற்க. புத்தர் படிமத்தை நோக்கிக் கால் நீட்டற்க. மகளிர் துறவியரைத் தீண்டுதல் ஆகாது. மன்னரை இகழ்தல் அங்குக் கடுங்குற்றம். விளையாட்டிற்கும் அதனைச் செய்யற்க. கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி பற்றிய விதிகள் அடிக்கடி மாறுவன. புறப்படுமுன் தூதரகத்தின் வாயிலாக அறிந்துகொள்க. கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே திருப்பிக்கொள்க. கார்த்திகை முதல் தை வரையுள்ள காலமே செல்லுதற்கு ஏற்றது. சித்திரையின் வெயில் நம்மூர் வெயிலுக்குச் சிறிதும் இளைத்ததன்று.

கடைத்தெருவிற்கு ஒரு மாலைப் பொழுது போதும். மற்றொரு மாலையை ஆற்றிற்கு அளியுங்கள். அங்கே படகுகள் நம்மூர்ப் பேருந்துகள் போல மக்களை ஏற்றி இறக்குகின்றன. எதிர்க்கரையில், பீங்கான் துண்டுகள் பதித்த உயர்ந்த கோபுரத்துடன் வாட் அருண் என்னும் கோயில் நிற்கின்றது. வைகறையின் பெயர் பூண்ட அக்கோயில் அந்திப்பொழுதிலேயே மிக அழகாகத் தோன்றும். கீழ்க்கரையின் படித்துறையில் அமர்ந்து அதனை நோக்குவதற்குக் கட்டணம் ஏதுமில்லை.