கறுத்துவிடுவோம் என்பதா காரணம்?

மூன்றாம் படிவத்தில் குறுக்கோட்டப் பயிற்சியைப் பாதியில் விட்டேன். கால் வலி என்று ஆசிரியரிடம் சொன்னேன். உண்மைக் காரணம், ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா சொன்ன வார்த்தை. "என்னம்மா, இப்படிக் கறுத்துப் போயிட்டே?"

அதே ஆண்டு அறிவியல் தேர்வில் புற ஊதாக் கதிரின் தீமைகளை வரிசையாக எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். ஆனால் வெயிலுக்கு ஒரு தொப்பிகூட நான் போட்டதில்லை.

சுங்கை பட்டாணி அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். தோழிகள் காலையில் ஒரு தடவை, முகத்துக்கு மட்டும் பூசுவார்கள். கழுத்தும் காதும் கையும் கணக்கில் இல்லை. ஆண் நண்பர்களோ, "அதெல்லாம் பொண்ணுங்க பூசுறது" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் அரைக்கைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள்.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நம் வீடுகளில் வெயில் பேச்சு என்றாலே அது நிறப் பேச்சுதான். நிறத்துக்குப் பயந்தவர் முகத்தை மட்டும் காக்கிறார். பயப்படாதவர் எதையுமே காப்பதில்லை. அவருக்குச் சன்ஸ்கிரீன் என்பது சிவப்பழகு கிரீமின் தங்கை. என்னைப் போன்ற சிலர் திடலையே விட்டுவிடுகிறோம். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நம் தோலின் கருமை ஓரளவு காவல்தான். வெள்ளையர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் அந்தக் காவல் முழுமையானது அல்ல. அது கண்ணையும் காக்காது. கண்புரைக்கும், கருவிழி மேல் சதை வளர்வதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். புறஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நண்பகலில் அது 11-ஐத் தொடுவது சாதாரணம். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளை மூடியது வெப்பத்துக்காக. கதிரின் அளவை வெப்பமானி காட்டாது.

இன்னொன்று, நம் கடிகாரம். 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அதனால் கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.20-க்கு. பல பள்ளிகளில் மாணவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். 'மாலைப் பயிற்சி' என்று 3 மணிக்குத் திடலில் இறங்கும்போது, உச்சி தாண்டி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சந்தேகமிருந்தால் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள்.

பாட்டி வெளிக்காட்டு வேலைக்குப் போனவர். சேலைக்கு மேல் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அது அவருக்கு வேலை உடுப்பு. அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிகளும் அப்படியே நினைக்கலாமே? புறப்பாடப் பயிற்சியை 5 மணிக்குத் தள்ளலாம். திடலில் தொப்பியும் முழுக்கை விளையாட்டுச் சட்டையும் விதிமுறை ஆகலாம். பையன்களுக்கும் சேர்த்துத்தான். விலை உயர்ந்த கிரீம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அது எட்டும்.

நான் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டேன். மாலை 5.30-க்கு, முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக. கறுப்புக் கண்ணாடி இன்னும் வாங்கவில்லை. போன மாதம் பெரியம்மாவைப் பார்த்தேன். அதே கேள்வி.

"ஓடுறேன், பெரியம்மா" என்றேன்.