முட்டைக்கு ஒரு தொப்பி

தோசையில் ஒரு அநியாயம் இருக்கிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. ஒன்று வெந்தால்தான் அடுத்தது. நமக்கு மொறுமொறுவென்று நாலு, தம்பிக்கு மூணு, அப்பாவுக்கு ரெண்டு. அம்மா சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை, சட்னி காலி! (கல்யாணமானவர்கள் 'அம்மா' வருமிடத்தில் 'மனைவி' என்று போட்டுக்கொள்ளவும்.) ஆம்லெட்டும் இதே கேஸ்தான்.

அதற்குத்தான் பேக் பண்ணிய முட்டை. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேகும். சமைத்த ஆளும் சூடாகச் சாப்பிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்படி நம்ம கையில்!

இனிப்பில்லாத ரவுண்டு பன் நாலு, முட்டை நாலு. முட்டை புதுசா, பழசா? தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தால் புதுசு. நின்றால் கொஞ்சம் வயசு, உடனே சமைத்துவிடலாம். மிதந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். நாளாக நாளாக ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, காற்று புகுந்துவிடும். ஆபீஸிலும் சர்வீஸ் ஏற ஏறச் சிலர் மிதக்கிறார்களே, அதே தத்துவம்தான்.

வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாயை உப்பு போட்டு ஈரம் வற்ற வதக்குங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு பன் சொதசொதவென்று ஆகிவிடும். பன்னின் தலையைச் சீவி, ஓரம் பிய்யாமல் உள்ளே குடையுங்கள். கொஞ்சம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் வதக்கல், அதன்மேல் முட்டை. முதலில் டம்ளரில் உடைத்து, பிறகு ஊற்றினால் ஓடும் விழாது, மானமும் போகாது. மேலே மிளகுத்தூள்.

முன்பே சூடாக்கிய அவனில் 180 டிகிரி, 15 முதல் 20 நிமிஷம். அவன் இல்லையா? கனமான இரும்புச் சட்டிக்குள் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, சின்னத் தீயில் 10 நிமிஷம் காயவிடுங்கள். பன்களைத் தட்டில் வைத்து உள்ளே இறக்கி மறுபடி மூடுங்கள். 15 நிமிஷத்துக்கப்புறம் திறந்து பார்க்கலாம். நான்ஸ்டிக்கை இப்படி வெறுமனே காய வைக்காதீர்கள். மைக்ரோவேவும் வேண்டாம். மஞ்சள் கருவுக்குள் நீராவி அடைபட்டு, டமார்!

வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும். மஞ்சளுக்கு 65லிருந்து 70 வரை வேணும். அதனால் வெள்ளை இறுகி, மஞ்சள் லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள். மிச்சத்தை உள்ளே இருக்கிற சூடு பார்த்துக்கொள்ளும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் மஞ்சளும் நன்றாக இறுகட்டும்.

இனிமேல்தான் விளையாட்டு. கேரட் மூக்கு, குடமிளகாய் வாய், கறிவேப்பிலை மீசை. சீவிய தலையைத் தொப்பியாகச் சாய்த்து வையுங்கள். மேனேஜர் சாயல் வந்துவிட்டால், முதல் கடி யாருக்கு என்று ஏலம் விடலாம். குடைந்தெடுத்த பன் தூள் வீணில்லை. வறுத்து வைத்தால் சாயங்காலம் கட்லெட்டுக்கு ஆச்சு.

ரெண்டே கண்டிஷன். தினமும் கடைசியில் சாப்பிடுகிறவர் இன்றைக்கு முதலில் உட்காரணும். அப்புறம், பாத்திரமெல்லாம் நம்ம கணக்கு. அடுப்படியை அப்படியே போட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போனால், அவருக்கு லீவு கொடுத்ததாக அர்த்தமில்லை சார்... ஓவர்டைம் கொடுத்ததாக அர்த்தம்!