ஒரு கண், இரண்டு நோய், ஒரே ஆபரேஷன்

"கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும்." தமிழ்நாட்டில் வயதான எல்லோரும் கேட்ட வார்த்தை இது. ஆனால் அதே கண்ணில் கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோயும் சேர்ந்து இருக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். 1949ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கிவைத்த வழி இது. கிளாக்கோமா அப்படியல்ல. பெரும்பாலும் கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடுகிறது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த நரம்பு மீண்டும் பிழைக்காது. பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகக் கிராமங்களில் நடத்தி 2003ல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது அதுவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை!

இரண்டும் சேர்ந்த கண்ணுக்கு ஒரே ஆபரேஷன் உண்டு. புரையை எடுத்து லென்ஸ் வைத்தபின், மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் சிறு வடிகால் அமைக்கிறார்கள். 1968ல் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் விவரித்த முறை அது. ஒரே மயக்க ஊசி, ஒரே தடவை ஆஸ்பத்திரி வாசம். கூலி வேலையை விட்டுத் துணைக்கு வரும் மகனுக்கும் மிச்சம்தான்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. சொட்டு மருந்திலேயே அழுத்தம் கட்டுப்பட்டு, நரம்பும் அதிகம் கெடாதிருந்தால் புரையை மட்டும் எடுத்தாலே போதும் என்று டாக்டர் முடிவு செய்யலாம். வடிகால் வைப்பது என்றால், தழும்பு வளர்ந்து அது அடைபடவும் கூடும். அதனால் முதல் சில வாரங்கள் அடிக்கடி வரவேண்டும். அதன் பிறகும் ஆயுள் முழுக்க அழுத்தம் பார்க்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். புரை போனதும் வெளிச்சம் வந்துவிடுகிறது. "எல்லாம் சரியாயிடுச்சு" என்று பாட்டி ஊருக்குப் போய்விடுகிறார், மறுபடி வருவதில்லை. வந்த வெளிச்சமே ஏமாற்றுகிறது! இன்னொருவருக்கோ நரம்பு ஏற்கனவே கெட்டிருக்கும். அவர் எதிர்பார்த்த பார்வை வராது. "டாக்டர் கண்ணைக் கெடுத்துட்டார்" என்பார்.

இருவருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: புரைக்கான பாதி, போன பார்வையைக் கொண்டுவர; கிளாக்கோமாவுக்கான பாதி, இருக்கும் பார்வையைக் காக்க மட்டுமே. இதைப் புரியும் தமிழில், துணைக்கு வந்தவரையும் உட்காரவைத்துச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். கேட்கும் கடமை குடும்பத்துக்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது புரை ஆபரேஷன் என்றால், தேதி குறிக்கும் முன் ஒரு கேள்வி போதும்: "டாக்டர், அழுத்தமும் நரம்பும் பார்த்தாச்சா?"