தேனீ வளர்ப்பு: விதி உண்டு, அதிகாரம் யாரிடம்?

புதுதில்லி: குளிர்காலத்தில் கடுகுப் பூவைத் தேடி ராஜஸ்தானுக்கும், பின்னர் ஆப்பிள் பூக்கும்போது இமாசலப் பிரதேசத்துக்கும் வட மாநிலத் தேனீ வளர்ப்போரின் பெட்டிகள் லாரிகளில் பயணிக்கின்றன. இவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது யார் என்பதில்தான் சிக்கல்.

வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. மத்திய அரசின் தேசிய தேனீ வாரியமோ, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் 2000-ல் பதிவான அமைப்பு. மானியம் வழங்கலாம், அறிவுரை கூறலாம், தண்டிக்க இயலாது.

கலப்படத்தைத் தடுக்கும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. ஆயினும், 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஜெர்மனியில் சோதித்த 13 நிறுவனங்களின் தேனில் 10 நிறுவனங்களுடையவை என்எம்ஆர் சோதனையில் தேறவில்லை. முன்னணி நிறுவனங்கள் இதை மறுத்தன. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் இச்சோதனையைக் கட்டாயமாக்கிய மத்திய அரசு, உள்நாட்டுச் சந்தைக்கு அதை விதிக்கவில்லை. நம் நாட்டு நுகர்வோர் என்ன இளைத்தவரா?

சர்க்கரைப் பாகு மலிவானது. அது தேனுடன் கலக்கும்போது விலை சரிந்து, நஷ்டம் பெட்டி சுமப்பவர் தலையிலேயே விழுகிறது. நிலமற்ற தேனீ வளர்ப்போரையும் விவசாயிகளாகக் கருத வேண்டும் என்று பிபேக் தேப்ராய் குழு பரிந்துரைத்தது 2019-ல். மறு ஆண்டு தேனீ வளர்ப்புக்கு ரூ. 500 கோடி அறிவிக்கப்பட்டது. வாரியத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் தரும் சட்டம் அத்துடன் வரவில்லை.