குளியலறைக்கு எந்த நிறம்?

லீத் ஸ்திரீட்டில் சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையின் நீலத்தைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கரைசலில் அவுரி நீலம் கலந்து பூசியது அது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. செங்கல் உறிஞ்சிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலோ, குளியலறைக்கு வண்ண அட்டையைப் பார்த்து அக்ரிலிக் சாயம் அடிக்கிறார்கள். அந்தப் படலத்துக்குள் ஈரம் சிக்கிச் சுவர் கொப்புளிக்கிறது. உடனே வேறு நிறத்தில் அதே சாயத்தை மீண்டும் அடிப்பது வீண்செலவு என்பேன். (அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சுவர் வேறு கதை, அங்கே அக்ரிலிக் பொருந்தும்.)

சுண்ணாம்பில் நிறத் தேர்வு குறைவு, உண்மைதான். காரத்தைத் தாங்கும் நிறமிகளே அதில் நிலைக்கும். இரும்பு ஆக்சைடு உள்ள காவியும் மஞ்சள் மண்ணும் நன்றாகத் தாங்கும். சன்னல் சிறியதா? வெறும் வெள்ளையே போதும், விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.