'டூ' என்றால் 'ரொம்ப'வா?

செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. போன மாதம் கிளினிக்கில், பிரஷர் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல நினைத்து, "டாக்டர், திஸ் மெடிசின் டூ ஸ்ட்ராங்" என்றார். டாக்டர் அளவைக் குறைக்கப் பேனாவை எடுத்துவிட்டார். "வெரி குட் என்கிறார் டாக்டர்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் 'ரொம்ப' இரண்டு வேலையும் பார்க்கும். 'ரொம்ப நல்லவர்' பாராட்டு. 'சட்டை ரொம்பப் பெரிசு' குறை. ஆங்கிலத்தில் முன்னது 'வெரி', பின்னது 'டூ'. மலாயில் யோசித்தால் சட்டென்று பிடிபடும்: 'சங்காட்' வெரி, 'தெர்லாலு' டூ. 'டூ டயர்ட் டு டிரைவ்' என்றால் வண்டி ஓட்ட முடியாத களைப்பு.

இதே 'டூ' வாக்கியக் கடைசியில் போய் உட்கார்ந்தால் நம் 'உம்' ஆகிவிடும். 'ஐ ஏம் கம்மிங் டூ', நானும் வருகிறேன். (நம் ஊரில் அங்கே 'ஆல்சோ' போடுவோம். மைக்கை அணைத்துவிட்டால் நானும் அப்படித்தான்.)

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஐ ஸ்பீக் இங்கிலீஷ் ஆஸ் வெல் ஆஸ் மலாய்' என்றால் இரண்டும் பேசுவேன் என்றும் ஆகும். மலாய் அளவுக்கு இங்கிலீஷும் சரளம் என்றும் ஆகும். அடுத்த கேள்வி சரளமான இங்கிலீஷில் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'போத் இங்கிலீஷ் அண்ட் மலாய்' என்றால் வம்பில்லை.

கிளினிக்கிலிருந்து நேரே மாமாக் கடை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் தே தாரிக் வெரி ஸ்வீட்டா, டூ ஸ்வீட்டா?"

அவருக்குச் சர்க்கரையும் உண்டு. 'டூ' என்றேன்.